கூட்டாளிக்குப் போட்ட ஆஸ்

பெரிய சுற்றுப்போட்டி என்று சொல்லக்கூடியவற்றில் நான் மூன்று தடவை உட்கார்ந்திருக்கிறேன். முதல் தடவை நாற்பது நிமிடம் தாக்குப்பிடித்தேன். இரண்டாம் தடவை பெயரைக் கெடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மூன்றாவதைச் சொல்லத்தான் இதை எழுதத் தொடங்கினேன். ஆனால் முதல் இரண்டையும் விட்டுவிட்டு அதை மட்டும் சொன்னால் ஒருவருக்கும் ஒன்றும் விளங்காது. போக்கர் தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம். எனக்கே அது அரைகுறையாகத் தெரிந்த காலத்துக் கதைதான் இது.

எண்பதுகளின் பிற்பகுதியில் லண்டனின் தெற்கே மிச்சம் என்ற ஊரில் ஒரு வீட்டின் மேல்மாடியில் குடியிருந்தோம். நானும் இவரும் மகளும். இவர் என்றால் என் கணவர். ஊரில் நில அளவையாளராக இருந்தவர், இங்கே பெற்றோல் ஸ்டேஷனில் கண்ணாடிக்குப் பின்னால் நின்று சில்லறை கொடுத்தார். நான் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்தேன். கீழ்வீட்டில் எங்களைப் போலவே யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு அண்ணையும் அக்காவும் இருந்தார்கள். சனிக்கிழமை பின்னேரம் என்றால் அவர்களுடைய முன்னறையில் நாலு பேரும் முந்நூற்றி நாலு விளையாடுவோம். மழையோ வெயிலோ, யாருக்குக் காய்ச்சலோ, அது நிற்காது.

முந்நூற்றி நாலு எங்கள் ஆட்களின் ரத்தத்தில் ஊறிய சீட்டு விளையாட்டு. அதில் ஜாக்தான் எல்லாவற்றுக்கும் பெரியது. அடுத்தது ஒன்பது. ஆஸ் மூன்றாவது, ராஜாவை ஒருவரும் கணக்கெடுப்பதில்லை. எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டு. இத்தனை புள்ளி எடுப்போம் என்று துணிந்து ஏலம் கேட்பதுதான் கேள்வி. கேள்வி கேட்பவர் ஒரு சீட்டைத் துரும்பாக, அதாவது துருப்புச் சீட்டாக, கவிழ்த்து வைப்பார், அந்த ஆட்டத்துக்கு அவர்தான் நாட்டாமை. நாலு பேரும் ஒவ்வொரு சீட்டுப் போட, பெரிய சீட்டுக்காரருக்கு அந்தப் பிடி போகும். கூட்டாளிதான் பிடிக்கப்போகிறார் என்று தெரிந்தால், கையிலிருக்கும் புள்ளி கூடிய சீட்டை, ஆஸோ பத்தோ, தூக்கி அவருடைய பிடியில் போட வேண்டும். அவருடைய பிடி உங்களுடையதும்தான்.

நானும் இவரும் எப்போதும் கூட்டு. துரும்பு கவிழ்ப்பது எப்போதும் இவர். என் கையில் இரண்டு ஜாக்கும் ஒரு ஒன்பதும் சிரித்துக்கொண்டிருந்தாலும் நான் கேள்வி கேட்க மாட்டேன், வாயை மூடிக்கொண்டு இவர் கேட்கட்டும் என்று விட்டுவிடுவேன். பிறகு என் ஜாக்கை வைத்து இவருடைய துரும்பைக் காப்பாற்றுவேன். கீழ்வீட்டு அண்ணை தலையிலடித்துக்கொண்டு, "இந்த மனுசனுக்கு எங்கை இருந்துதான் இப்பிடிக் காட்ஸ் விழுகுதோ தெரியேல்லை" என்பார். இவர் மீசைக்குள் சிரிப்பார். மாடிப்படி ஏறும்போது எனக்கு வகுப்பு நடக்கும்.

"அந்த ஆஸை ஏன் அவ்வளவு நேரம் பிடிச்சு வைச்சிருந்தனீர்?" என்பார்.

"தெரியாமல் வைச்சிட்டன்" என்பேன்.

எனக்குத் தெரியும். இவரைவிட நன்றாகவே தெரியும். ஆனால் கிழமையில் ஆறு நாள் கண்டவனையெல்லாம் சேர், சேர் என்று மரியாதையாகக் கூப்பிட்டுவிட்டு வருகிற மனிதர், சனிக்கிழமை ஒரு பின்னேரமாவது துரும்பு கவிழ்க்கட்டுமே என்று நினைத்தேன். அது அன்பு என்றுதான் அப்போது நம்பியிருந்தேன். அன்புதான், ஆனால் அதற்குள் கொஞ்சம் இளக்காரமும் இருந்தது என்பது பின்னால்தான் உறைத்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் போக்கர் வந்து சேர்ந்தது. பெற்றோல் அடிக்க வரும் ஒரு டாக்ஸிக்காரர் இவரை வெஸ்ட் எண்டில் ஒரு கிளப்புக்கு அழைத்துப் போனார். அந்தக் காலத்தில் கசினோ கிளப்பில் நினைத்தவுடன் நுழைய ஏலாது. பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு நாள் காத்திருக்க வேண்டும், ஆசை ஆறுகிறதா என்று பார்ப்பதற்காம். இவருக்கு ஆறவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அங்கே சின்னப் போட்டிகள் நடக்கும். அதில் வென்றால் வருஷத்துக்கு ஒரு தடவை வரும் பெரிய சுற்றுப்போட்டியில் காசு கட்டாமல் ஓர் இடம். இவருக்கு அந்த இடத்தின் மேல் ஒரு வெறியே பிடித்துவிட்டது.

எனக்கும் சொல்லித்தந்தார், பழகுவதற்கு வீட்டில் ஓர் ஆள் வேண்டுமே. ஆளுக்கு இரண்டு சீட்டுக் கையில், எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு மேசையில். இரண்டையும் சேர்த்து நல்ல ஐந்து யாரிடம் இருக்கிறதோ அவருக்கு நடுவில் குவிந்த சிப்ஸ், அதாவது காசுக்குப் பதிலான வட்டுகள், எல்லாம் போகும். அல்லது மற்றவர்களைப் பயமுறுத்திக் கையை விட்டு விலகச் செய்தாலும் போகும். போக்கருக்கு ஐம்பத்திரண்டு சீட்டும் வேண்டும். எங்கள் வீட்டுச் சீட்டுக்கட்டில் முந்நூற்றி நாலுக்குத் தேவைப்படாத இரண்டிலிருந்து ஆறு வரையான சீட்டுகள் பிஸ்கட் டின்னுக்குள் அப்படியே புத்தம்புதிதாகக் கிடந்தன, மற்றவை தேய்ந்து அழுக்கேறியிருந்தன. முதல் நாள் நான் எல்லா ஆட்டமும் வென்றேன். முதுகு வெள்ளையாக இருந்தால் சின்னச் சீட்டு, அவ்வளவுதான். இவர் அதைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரமானது. மறுநாள் புதுக் கட்டு வாங்கி வந்தார்.

பிறகு நானும் கூடப் போகத் தொடங்கினேன். மகளைக் கீழ்வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு, மோர்டனுக்குப் பஸ் பிடித்து, அங்கே ட்ரெயின் ஏறுவோம். சுற்றுப்போட்டிக்குப் போகிறோம் என்று மட்டும் சொன்னோம். அக்கா அதைக் கரம் போர்ட் போட்டி என்று நினைத்துக்கொண்டார், நாங்களும் திருத்தவில்லை. கிளப்பில் பெண்கள் மூன்று நாலு பேர் இருந்தால் அதிகம். மேசையில் ஆங்கிலம் தவிர வேறு பாஷை பேசக் கூடாது என்று சட்டம். அதனால் நானும் இவரும் அங்கே ஒருவரோடொருவர் ஆங்கிலத்தில் பேச வேண்டியிருந்தது. "ஆர் யூ ஓகே?" என்று இவர் கேட்பார். "யெஸ், தேங்க் யூ" என்பேன். கலியாணம் கட்டி எத்தனையோ வருஷம், முதல் முதலாய் அறிமுகமானவர்கள் மாதிரி.

இரண்டு வருஷம் முயன்றும் இவருக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. நான் நாலாவது ஞாயிற்றுக்கிழமையே வென்றுவிட்டேன். "அதிர்ஷ்டம்" என்றார் இவர். "ஓம், அதிர்ஷ்டம்தான்" என்றேன் நானும் உடனே.

அந்த முதல் பெரிய போட்டியில் நான் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். பெரிய மண்டபம், முப்பது மேசைக்கு மேல், எல்லாரும் சிப்ஸை விரலுக்குள் உருட்டுகிற சத்தம். முந்நூற்றி நாலில் ஆட்டம் வலப்பக்கமாய்ப் போகும், போக்கரில் இடப்பக்கமாய்ப் போகும். பயத்தில் நான் பழைய பக்கத்துக்குப் போய்விட்டேன். என் முறை வருமுன்பே மூன்று தடவை சிப்ஸைத் தள்ளினேன். டீலர் பெண் பொறுமையாக, "நொட் யெட், மேடம்" என்றாள். நாற்பதாவது நிமிடம் கையில் ஒரு ஜாக்கும் ஒன்பதும் வந்தன, இரண்டும் ஹார்ட்ஸ். முந்நூற்றி நாலில் அதைவிட நல்ல கை கடவுளே நினைத்தாலும் தர முடியாது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இருந்த எல்லாவற்றையும் நடுவில் தள்ளினேன். எதிரிலிருந்தவர் ஒரு ஜோடி ராணியைக் காட்டி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார். மேசைகளைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே நின்ற இவர் என் கோட்டைப் போட்டுவிட்டபடி, "ஜாக்கையும் ஒம்பதையும் கண்டவுடனை நானும் சந்தோஷப்பட்டிருப்பன்" என்றார். நான் சிரித்துவிட்டேன்.

அடுத்த வருஷம் எங்கள் இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. இரண்டு பேரும் சலவை மடிப்புக் கலையாத உடுப்போடு போனோம். மண்டபத்தில் வேறு வேறு மேசை. நாலைந்து மணி நேரத்துக்குப் பிறகு ஆட்கள் குறைய, சீட்டு இழுத்து இடம் மாற்றினார்கள். இவர் என் மேசைக்கு வந்தார், எனக்கு நேரெதிரே. கூட்டாளி இருக்கும் இடம்.

அந்த ஆட்டத்தில் எனக்கு வந்தது இரண்டு ஆஸ். மேசையில் விழுந்த சீட்டுகளில் இன்னொரு ஆஸ். மூன்று ஆஸ், வெல்ல முடியாத கை என்றே சொல்லலாம். மற்றவர்கள் எல்லாம் விட்டுவிட்டார்கள். எஞ்சியது நானும் இவரும் மட்டும். இவர் நிமிர்ந்து இருந்து, சிப்ஸை இரண்டு கையாலும் முன்னுக்குத் தள்ளினார். சனிக்கிழமைகளில் துரும்பு கவிழ்க்கும்போது இருக்கிற அதே முகம். என் கை என் இரண்டு ஆஸையும் தூக்கி, எல்லாரும் பார்க்க முகம் தெரியத் திறந்து, இவர் முன்னால் போட்டது. பிடி அவருடையது, புள்ளியைக் கொடு. அவ்வளவுதான் அந்த நேரத்தில் நான்.

போக்கரில் கையை விடுபவர் சீட்டைக் கவிழ்த்துத்தான் எறிவார். மூன்று ஆஸை விடுபவர் உலகத்தில் இல்லை. என் பக்கத்திலிருந்த கண்ணாடிக்காரர் எழுந்து, இவர்கள் இரண்டு பேரும் கூட்டு என்றார். அவர் பிழையாகச் சொல்லவில்லை என்பதுதான் கொடுமை.

போட்டியை நடத்துபவர் வந்தார். நரைத்த தலை, கறுப்புக் கோட், குரலை உயர்த்தாத மனிதர். இவரை உமக்குத் தெரியுமா என்று என்னிடம் கேட்டார். என் கணவர் என்றேன். யாரோ சிரித்தார்கள். எங்கள் விளையாட்டில் கூட்டாளியின் பிடிக்குப் பெரிய சீட்டைப் போடுவது வழக்கம், பழக்கத்தில் கை போய்விட்டது என்று என்னிடமிருந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் இரண்டு பேரையும் அரை மணி நேரம் வெளியே இருத்தினார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் இரண்டு பேரும் இந்தக் கிளப் வாசலையே மிதிக்க முடியாது என்றார். திரும்பிப் போய் இருந்த பிறகு நான் ஒரு சீட்டைக்கூட ஒழுங்காகப் பார்க்கவில்லை. சீக்கிரமே இரண்டு பேரும் வெளியே வந்தோம்.

ட்ரெயினில் பாதி வழி போனபின் நான்தான் தொடங்கினேன்.

"இஞ்சாருங்கோ, நான் வேணுமெண்டு செய்யேல்லை."

"வேணுமெண்டு செய்திருந்தால் எனக்கு இவ்வளவு கோவம் வராது" என்றார். "யோசிக்காமல் கை தானாப் போகுதெண்டால் அது எவ்வளவு காலப் பழக்கமாயிருக்க வேணும். வீட்டிலையும் இப்பிடித்தானோ?"

"வீட்டிலை கூட்டுத்தானே. கூட்டாளிக்குப் போடத்தானே வேணும்."

"நான் அதைக் கேக்கேல்லை. உம்மட கையிலை நல்ல காட்ஸ் இருக்கேக்கை நீர் கேள்வி கேக்காமல் விட்டனீரோ?"

இல்லை என்று சொல்ல வாய் வந்தது. எதிர் ஜன்னல் கண்ணாடியில் எங்கள் இரண்டு பேரின் முகமும் தெரிந்தது. இவர் அந்தக் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம்" என்றேன்.

"எத்தினை வருஷமா?"

"தொடக்கத்திலையிருந்து."

மோர்டனில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "பாவமெண்டு நினைச்சனீரோ?" எனக்கு அழுகைதான் வந்தது. அதையும் குளிர் என்று சொல்லி முந்தானையில் துடைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை இவர் கீழே இறங்கவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் இல்லை. தலையிடி என்றார். எத்தனை சனிக்கிழமைதான் தலை இடிக்கும். கீழ்வீட்டு அக்கா என்னிடம், "ரெண்டு பேருக்கும் ஏதும் பிரச்சினையோ?" என்று கேட்டார். என்ன சொல்வது? நான் இவரை வெல்லவிட்டேன் என்பதுதான் பிரச்சினை என்று சொன்னால் யாருக்கு விளங்கும்? வீட்டில் சாப்பாடு நடந்தது, பிள்ளை பள்ளிக்கூடம் போனது, பேசவேண்டியதைப் பேசினோம். ஆனால் இவர் முகத்தைப் பார்த்து ஏதும் கேட்க எனக்குப் பயமாக இருந்தது. இனி நான் எதைச் செய்தாலும், இதுவும் விட்டுத் தந்ததுதானோ என்று இவர் நினைப்பார். இவர் ஊற்றிய தேத்தண்ணி நன்றாயிருக்கிறது என்று நான் சொன்னால்கூட நம்பமாட்டாரே என்று பயந்தேன்.

ஒரு மாதம் போயிருக்கும். ஒருநாள் மூன்றரை மணிக்கு நான் வேலையால் வர, இவர் சமையலறையில் குசினி மேசைக்கு முன்னால் புதுக் கட்டோடு இருந்தார். சிப்ஸுக்குப் பதிலாக ஒரு கிண்ணத்தில் கடலைப்பருப்பு.

"இரும்" என்று எதிர்க் கதிரையைக் காட்டினார். "நீரும் நானும் மட்டும். ஒண்டும் விட்டுத் தரக் கூடாது. விட்டுத் தந்தீரெண்டால் இதோடை சரி. காட்ஸும் இல்லை, சனிக்கிழமையும் இல்லை."

முதல் நாளே நான் விட்டேன். பாழாய்ப்போன பழக்கம். என்னிடம் ஒரு ஜோடி பத்து இருக்க, இவர் பருப்பைத் தள்ளியவுடன் சீட்டைக் கவிழ்த்து எறிந்தேன். இவர் கையை நீட்டி அந்த இரண்டையும் திருப்பிப் பார்த்தார். முழுக் கட்டையும் எடுத்துக் குப்பைக் கூடையில், தேயிலைச் சக்கைக்கு மேலே போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இவர் மேல் பாதி, என் மேல் பாதி. கூடையிலிருந்து ஒவ்வொரு சீட்டாய்ப் பொறுக்கித் துடைத்து ரேடியேட்டர் மேல் காயவைத்தேன். மறுநாள் பின்னேரம் அதே கட்டை நானே மேசையில் வைத்தேன். "இரும்" என்பதற்கு எனக்கு வாய் வரவில்லை. "இருங்கோ" என்றேன்.

அன்றைக்கு இவருடைய பருப்பு முழுவதையும் வென்றேன். அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும். இவர் உதட்டைக் கடித்துக்கொண்டு இருப்பார். ஆனாலும் நான் விட்டுத் தரவில்லை. கார்த்திகை தொடங்கிப் பங்குனி வரை, என் வேலை முடிந்து இவருடைய ஷிப்ட் தொடங்குவதற்கு இடையில் இரண்டு மணி நேரம், குசினியில் இதுதான் வேலை. இவர் தோற்றுத் தோற்றுப் பழகினார். நல்ல சீட்டில்லாமல் பொய்க்குப் பருப்பைத் தள்ளும்போது கைக்கடிகார வாரை ஒருதடவை தொடுவார் என்பதை நான் கண்டுபிடித்தேன். சொல்லாமல் வைத்துக்கொண்டால் எனக்கு லாபம். மூன்று நாள் வைத்திருந்துவிட்டுச் சொன்னேன். "அப்பிடியோ?" என்றார். அடுத்த நாள் நல்ல கையை வைத்துக்கொண்டு வேண்டுமென்றே வாரைத் தொட்டு என்னைப் பிடித்துவிட்டார். அன்றைக்குத்தான் இவர் வாய்விட்டுச் சிரித்ததை நான் பல மாதங்களுக்குப் பிறகு கேட்டேன். நான் உண்மையாகவே தோற்றிருந்தேன், அந்தச் சந்தோஷத்தை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அந்த வருஷப் பெரிய போட்டிக்கு நான் இரண்டாவது ஞாயிறு இடம் வென்றேன். இவர் கடைசி ஞாயிறு வென்றார். போகும்போது மோர்டன் ஸ்டேஷனில் இவர் சொன்னது இவ்வளவுதான்: "ஒரே மேசையிலை வந்தால், வீட்டு மேசை மாதிரி."

முதல் நாள் ஒரே மேசை வரவில்லை. இரண்டு பேரும் தப்பிப் பிழைத்து இரண்டாம் நாளுக்கு வந்தோம். இரண்டாம் நாள் மத்தியானம் கடந்தபோது மண்டபத்தில் இரண்டே மேசைதான் மிஞ்சியிருந்தது. மற்ற மேசைகளின் மேல் துணி போர்த்திவிட்டார்கள். இடம் மாற்றச் சீட்டு இழுத்தார்கள், இவர் என் வலப்பக்கம் வந்து இருந்தார். போட்டியை நடத்தும் அந்த நரைத்த தலைக்காரர் எங்களைக் கண்டார். ஒரு கதிரையை இழுத்து மேசைக்குப் பக்கத்தில் போட்டு இருந்தார்.

அரை மணி நேரம் எங்களுக்குள் மோதல் வரவில்லை. பிறகு எனக்கு ஒரு ஜோடி ஜாக் வந்தது. முந்நூற்றி நாலில் தலையில் வைத்துக் கொண்டாடும் சீட்டு, போக்கரில் சுமாரான கை. மேசையில் ஐந்தும் விழுந்துவிட்டன: ராஜா, ஒன்பது, ஆறு, நாலு, இரண்டு. மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். இவர் தன்னிடமிருந்த எல்லாவற்றையும் நடுவில் தள்ளினார். தள்ளிவிட்டுக் கைக்கடிகார வாரை ஒருதடவை தொட்டார்.

இவரிடம் ஒரு ராஜா இருந்தால் என் ஜாக் ஒன்றுக்கும் உதவாது. நான் கையை விட்டால் ஒரு மனிதரும் என்னைக் குறை சொல்ல முடியாது. கதிரையில் இருந்தவரும் தலையாட்டியிருப்பார், கண்ணாடிக்காரர் இருந்திருந்தால் அவரும் தலையாட்டியிருப்பார். ராஜாவுக்குப் பயந்து ஜாக்கை விடுவது நியாயமான ஆட்டம். அதுதான் என்னைக் கொன்றது. நான் விடுவது ராஜாவுக்குப் பயந்தா, இவருக்காகவா என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். விட்டால் இவர் கடைசி மேசைக்குப் போவார். இரண்டு வருஷம் முயன்றும் இடம் கிடைக்காமல் என் கோட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றவர், ஒரு குளிர்காலம் முழுக்கப் பருப்புத் தோற்றவர், கடைசி மேசையில் இருப்பார். நான் விடாமல் ஆடித் தோற்கடித்தால் இப்போதே எழுந்து போவார். என் மனம் முழுவதும் விடு, விடு என்றது.

இவர் முகத்தைப் பார்த்தேன். இவர் சீட்டையோ சிப்ஸையோ பார்க்கவில்லை. குப்பைக் கூடைக்குள் கட்டைப் போட்டபோது என்னைப் பார்த்தாரே, அந்தப் பார்வை. வாரைத் தொட்டது மெய்யோ பொய்யோ என்று யோசிப்பதை நிறுத்தினேன். இந்த மனிதர் ராஜாவோடு எப்படி ஆடுவார் என்று மட்டும் யோசித்தேன். ராஜா இருந்தால் முதலிலேயே தள்ளியிருப்பார், கடைசிச் சீட்டுவரை காத்திருக்கும் பொறுமை இவருக்கில்லை. இவரிடம் ராஜா இல்லை.

"கோல்" என்றேன். நானும் அவ்வளவு வைக்கிறேன், சீட்டைக் காட்டுங்கோ என்று பொருள். சிப்ஸைத் தள்ளினேன்.

இவர் தன் சீட்டைத் திறந்தார். ஓர் ஆஸும் ஒரு ராணியும், மேசையோடு சேர்த்தால் ஒன்றுமில்லை. நான் என் இரண்டு ஜாக்கையும் திறந்து வைத்தேன்.

இவர் எழுந்தார். மேசையில் ஆங்கிலம்தான் பேச வேண்டும். "நைஸ் ஹாண்ட்" என்றார், அங்கே தோற்றவர்கள் வென்றவர்களுக்குச் சொல்வதுபோலவே. சொல்லிவிட்டு வலக்கையை நீட்டினார். ஐயர் சொல்லிக் கலியாண மேடையில் என் கையைப் பிடித்தவர் அதற்குப் பிறகு ஆட்கள் முன்னால் என் கையைத் தொட்டதேயில்லை. நான் எழுந்து நின்று கை கொடுத்தேன். "தேங்க் யூ" என்றேன். இவருடைய கை சூடாக இருந்தது, என்னுடையது குளிர்ந்திருந்தது. பக்கத்திலிருந்த நரைத்த தலைக்காரர் எழுந்து தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு அப்பால் போனார்.

நான் கடைசி மேசைக்குப் போய் ஏழாம் இடத்தோடு வெளியே வந்தேன். இவர் அதுவரைக்கும் கயிற்றுக்கு வெளியே என் கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். கிடைத்த பரிசில் ஓர் உடுப்புத் தோய்க்கும் மெஷின் வாங்கினோம். திரும்பி வரும்போது ட்ரெயினில் கேட்டேன், "வாரைத் தொட்டது தெரிஞ்சோ தெரியாமலோ?"

"அதைச் சொன்னால் அடுத்தமுறை உம்மை நான் எப்பிடி வெல்லுறது?" என்றார். இன்றுவரைக்கும் சொல்லவில்லை.

வந்த சனிக்கிழமை இவர் தலையிடி என்று சொல்லவில்லை. மூன்று மணிக்கே செருப்பைப் போட்டுக்கொண்டு மாடிப்படியில் நின்று என்னைக் கூப்பிட்டார். கீழ்வீட்டு அக்கா தேத்தண்ணி ஊற்றினார். அண்ணை சீட்டைக் குலைத்துப் போட்டார். என் கையில் ஹார்ட்ஸ் ஜாக்கும் ஒன்பதும் வந்திருந்தன, போதாக்குறைக்கு இன்னொரு ஹார்ட்ஸும். வழக்கம்போல எல்லாரும் இவர் வாயைப் பார்த்தார்கள். இவர் சீட்டைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார்.

நான் கேள்வி கேட்டேன்.

அண்ணை திடுக்கிட்டு இவரைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னை ஏன் பாக்கிறியள் அண்ணை?" என்றார் இவர். "கேட்டது அவ."

அந்த அறையில் அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நான் ஒரு சீட்டைத் துரும்பாகக் கவிழ்த்து வைத்தேன். ஆட்டம் சுற்றி வந்து என்னிடம் நின்றபோது ஹார்ட்ஸ் ஜாக்கை இறக்கினேன். அக்கா முகத்தைச் சுளித்து ஒரு ஏழாம் சீட்டைப் போட்டார். இவர் தன் கையிலிருந்து ஹார்ட்ஸ் ஆஸை உருவினார், ஒரு கணமும் யோசிக்காமல் அதை என் ஜாக்குக்கு மேலே போட்டார்.